அஞ்சலக எழுத்தர் பிரதமரான கதை: பத்திரிஸ் லுமும்பா



முன்னுரை

நம் சுவர்ப் பத்திரிகையில் காந்தியடிகள், நேரு, காமராசர் என்று நம் நாட்டுத் தலைவர்கள் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்கத் தலைவர் என்றால் நெல்சன் மண்டேலாவை எல்லோருக்கும் தெரியும். அவர் 27 ஆண்டுகள் சிறையில் இருந்து, வெளியே வந்து, குடியரசுத் தலைவராகி, 95 வயது வரை வாழ்ந்தார். நான் எழுதப் போகிறவர் அப்படி வாழக் கொடுத்து வைக்காதவர். 34 வயதில் பிரதமரானார். 35 வயதில் கொல்லப்பட்டார். அவர் உடலைப் புதைத்த இடத்தில் இருக்கக்கூட விடவில்லை. அவர்தான் காங்கோ நாட்டின் முதல் பிரதமர் பத்திரிஸ் லுமும்பா.

காங்கோ எங்கே இருக்கிறது?

உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் நட்ட நடுவில் கையை வையுங்கள். அதுதான் காங்கோ. பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொரு சின்ன நாடும் இருக்கிறது. நான் சொல்வது பெரிய காங்கோ. கின்ஷாசா அதன் தலைநகரம். இந்தியாவின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கும். அவ்வளவு பெரிய நாட்டை ஆண்டது யார் தெரியுமா? பெல்ஜியம்! காங்கோவுக்குள் பெல்ஜியத்தை 75 தடவைக்கு மேல் வைக்கலாம்.

1885-ல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொண்டார். ஒரு நாள்கூட அவர் அந்த மண்ணை மிதித்ததில்லை. அங்கே காட்டு ரப்பர் நிறைய இருந்தது. ஒவ்வொரு ஊரும் இவ்வளவு ரப்பர் கொண்டு வர வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கொண்டு வராதவர்களை அடித்தார்கள், சுட்டார்கள், கைகளை வெட்டினார்கள். சின்னப் பிள்ளைகளின் கைகளையும் விடவில்லை. உலகமே எதிர்த்த பிறகு 1908-ல் பெல்ஜிய அரசாங்கம் நாட்டை மன்னரிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஆனாலும் அடிமை வாழ்வு தீரவில்லை.

காங்கோவின் தெற்கே கட்டங்கா என்று ஒரு மாகாணம். அங்கே மண்ணைத் தோண்டினால் செம்பு, கோபால்ட், யுரேனியம். 1945-ல் ஹிரோஷிமாவில் போட்ட அணுகுண்டைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அதற்கான யுரேனியத்தில் பெரும்பகுதி கட்டங்காவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனதுதான். இந்தச் செல்வம்தான் பின்னால் லுமும்பாவின் உயிருக்கே எமனாக வந்தது.

இளமைப் பருவம்

லுமும்பா 1925 ஜூலை 2-ஆம் நாள் கசாய் மாகாணத்தில் ஒனலுவா என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். கிறித்தவ மிஷன் பள்ளிகளில் படித்தார். அந்தக் காலத்தில் காங்கோ பிள்ளைகளுக்கு ஆரம்பப் படிப்பு கொடுப்பார்கள், அதற்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள். 1960-ல் சுதந்திரம் கிடைத்தபோது அவ்வளவு பெரிய நாட்டில் பட்டம் பெற்றவர்கள் 30 பேர்கூட இல்லை. ஒரு நாட்டையே படிக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லுமும்பா அஞ்சல் துறைப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறி, ஸ்டான்லிவில் நகரத்தில் அஞ்சலக எழுத்தர் ஆனார். இப்போது அந்த நகரத்தின் பெயர் கிசங்கானி. வேலை முடிந்ததும் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கவிதையும் எழுதினார். பிரெஞ்சு, லிங்காலா, சுவாஹிலி என்று பல மொழிகள் சரளமாகப் பேசினார். 1951-ல் பாலின் ஓபாங்கோ என்பவரை மணந்தார்.

அப்போது கருப்பினத்தவர்களில் நாகரிகம் அடைந்தவர் என்று ஒரு அட்டை கொடுப்பார்களாம். அதை வாங்க வேண்டுமென்றால் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, எப்படிச் சாப்பிடுகிறார்கள், வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று பார்ப்பார்கள். லுமும்பாவுக்கு முதலில் மறுத்துவிட்டு, 1954-ல்தான் கொடுத்தார்கள். சொந்த நாட்டில் ஒரு மனிதன் தான் மனிதன் என்று பரீட்சை எழுத வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சிறையும் அரசியலும்

1956-ல் அஞ்சலகப் பணத்தைக் கையாடியதாக லுமும்பாவைக் கைது செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். தலைவர் என்பதற்காக இதை மறைத்து எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரே வேலையைச் செய்யும் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், கருப்பருக்கு அதில் ஒரு சின்னப் பங்கு என்று இருந்த காலம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறையிலிருந்து வந்தவர் தலைநகரம் லியோபோல்டுவில்லுக்குப் போனார். அதுதான் இன்றைய கின்ஷாசா. அங்கே ஒரு பீர் கம்பெனியில் விற்பனை அதிகாரி வேலை. கடை கடையாகப் போய்ப் பேச வேண்டும். அப்படிப் போன இடத்திலெல்லாம் மக்களோடு பழகிவிட்டார். 1958 அக்டோபரில் நண்பர்களோடு சேர்ந்து காங்கோ தேசிய இயக்கம் என்ற கட்சியைத் தொடங்கினார். மற்ற கட்சிகள் பெரும்பாலும் ஒரு இனத்துக்கு, ஒரு பகுதிக்கு என்று இருந்தன. இவர் கட்சி மட்டும் நாடு முழுவதற்கும் சேர்த்துப் பேசியது. நாம் எல்லோரும் காங்கோக்காரர்கள், நாடு ஒன்றுதான் என்பதே லுமும்பாவின் கொள்கை. கடைசி மூச்சு வரை அதை அவர் விடவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் கானா நாட்டில் அக்ரா நகரில் ஆப்பிரிக்க மக்கள் மாநாடு நடந்தது. அங்கே குவாமே நிக்ருமாவைச் சந்தித்தார். கானா அதற்கு முந்தின ஆண்டுதான் சுதந்திரம் அடைந்திருந்தது. திரும்பி வந்தவர் உடனே விடுதலை வேண்டும் என்று முழங்கினார். 1959 அக்டோபரில் ஸ்டான்லிவில்லில் கலவரம் நடந்து பலர் இறந்தார்கள். கலவரத்தைத் தூண்டினார் என்று லுமும்பாவை மறுபடி சிறையில் போட்டார்கள்.

1960 ஜனவரியில் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் வட்டமேசை மாநாடு கூடியது. லுமும்பா இல்லாமல் பேச முடியாது என்று காங்கோ பிரதிநிதிகள் சொன்னதால் அவரை விடுதலை செய்தார்கள். விலங்கு மாட்டிய காயத்துக்குக் கட்டுப் போட்ட கைகளோடு மாநாட்டுக்கு வந்தார். ஜூன் 30 சுதந்திர நாள் என்று முடிவானது. மே மாதத் தேர்தலில் மொத்தம் 137 இடங்களில் அவர் கட்சிக்குத்தான் மற்ற எல்லாக் கட்சிகளையும் விட அதிக இடங்கள். லுமும்பா பிரதமரானார், ஜோசப் கசாவுபு குடியரசுத் தலைவரானார்.

மறக்க முடியாத அந்த நாள்

1960 ஜூன் 30. சுதந்திர விழாவில் பெல்ஜிய மன்னர் பேசினார். கைகளை வெட்டிய ஆட்சிக்குச் சொந்தக்காரரான லியோபோல்டு மன்னரை மேதை என்று புகழ்ந்தார். காங்கோவுக்கு நாகரிகம் கொடுத்ததே பெல்ஜியம்தான் என்பது போலப் பேசினார். அடுத்து கசாவுபு பணிவாகப் பேசினார். நிகழ்ச்சி நிரலில் லுமும்பாவின் பெயரே இல்லை. ஆனால் அவர் எழுந்து மேடைக்குப் போனார்.

இந்தச் சுதந்திரம் யாரும் கொடுத்த தானம் அல்ல, கண்ணீரும் இரத்தமும் சிந்திப் போராடி வாங்கியது என்றார். காலையும் மாலையும் அடி வாங்கியதைச் சொன்னார். நிலத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கியதைச் சொன்னார். வெள்ளையருக்கு ஒரு சட்டம், கருப்பருக்கு ஒரு சட்டம் இருந்ததைச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். நம் தமிழில் நீ, நீங்கள் என்று இருப்பது போலவே பிரெஞ்சு மொழியிலும் இரண்டு உண்டு. எவ்வளவு வயசான கருப்பராக இருந்தாலும் வெள்ளைக்காரர்கள் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். அது அன்பினால் அல்ல, மரியாதைச் சொல்லை வெள்ளையருக்கு மட்டும் வைத்துக்கொண்டதால்தான் என்று மன்னரை உட்கார வைத்துக்கொண்டே சொன்னார். காங்கோ மக்கள் திரும்பத் திரும்பக் கை தட்டினார்கள். மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போதே ஊருக்குக் கிளம்பப் பார்த்தார். அப்புறம் விருந்தில் லுமும்பா பெல்ஜியத்தைப் பாராட்டி நாலு வார்த்தை பேசிச் சமாதானம் செய்தார். ஆனால் அன்றைக்கே பல பேர் அவரை எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

விருந்தாளி முன்னால் அப்படிப் பேசலாமா, கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். நானும் இதை யோசித்துப் பார்த்தேன். மன்னர் பேசியதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருந்தால், கை இழந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அன்றைக்கும் தலை குனிந்துதானே உட்கார்ந்திருப்பார்கள்? அதனால் அவர் பேசியது சரி என்றே நான் சொல்வேன். அதற்கு அவர் கொடுத்த விலைதான் மிகப் பெரியது.

ஒரு வாரத்தில் வந்த சோதனை

சுதந்திரம் கிடைத்து ஒரு வாரம்கூட நிம்மதியாக இல்லை. காங்கோ இராணுவத்தில் அதிகாரிகள் எல்லோரும் பெல்ஜியர்கள். ஒரு காங்கோக்காரர்கூட அதிகாரி கிடையாது. ஜூலை 5-ஆம் தேதி தளபதி ஜான்சென்ஸ் வீரர்களைக் கூட்டிவைத்து, சுதந்திரத்துக்கு முன்பும் பின்பும் ஒன்றுதான் என்று கரும்பலகையில் சமன்பாடு மாதிரி எழுதிக் காட்டினார். வீரர்கள் கொதித்து எழுந்தார்கள். கலகம் பரவியது. பெல்ஜியக் குடும்பங்கள் பயந்து ஓடின. பெல்ஜியம் தன் படையை அனுப்பியது.

ஜூலை 11-ஆம் தேதி கட்டங்கா தனி நாடு என்று மோயிஸ் சோம்பே அறிவித்தார். அவருக்குப் பின்னால் பெல்ஜிய அதிகாரிகளும் சுரங்கக் கம்பெனியும் இருந்தார்கள். முக்கியமான சுரங்கங்கள் பல கட்டங்காவில்தான். அது போனால் காங்கோவின் கஜானா காலி.

லுமும்பா ஐக்கிய நாடுகள் சபையிடம் உதவி கேட்டார். ஐ.நா. படை வந்தது. ஆனால் கட்டங்காவைச் சேர்த்து வைக்கும் வேலையை அப்போது செய்யவில்லை. அமெரிக்காவுக்கே நேரில் போனார், அதிபர் ஐசனோவர் அவரைச் சந்திக்கவில்லை. கடைசியில் சோவியத் ஒன்றியத்திடம் விமானங்களும் லாரிகளும் வாங்கினார். அது பனிப்போர்க் காலம். உடனே அவரைக் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தினார்கள். தான் கம்யூனிஸ்ட் இல்லை, ஆப்பிரிக்க தேசியவாதி என்று அவர் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் எழுத வேண்டும். கசாயின் தென்பகுதியும் பிரிந்தபோது லுமும்பா இராணுவத்தை அனுப்பினார். சம்பளமும் உணவும் சரியாகக் கிடைக்காத அந்தப் படை 1960 ஆகஸ்ட் கடைசியில் அங்கே நூற்றுக்கணக்கான லூபா இன மக்களைக் கொன்றது. நாட்டை ஒன்றாக வைக்கப் போன படை சொந்த மக்களையே கொன்றது பெரும் குற்றம். அரசின் தலைவர் என்ற முறையில் அந்தப் பழி லுமும்பாவையும் சேர்கிறது.

பதவி பறிப்பு

செப்டம்பர் 5-ஆம் தேதி கசாவுபு வானொலியில் லுமும்பாவை நீக்கிவிட்டதாக அறிவித்தார். லுமும்பாவும் வானொலிக்குப் போய்க் கசாவுபுவை நீக்கிவிட்டதாக அறிவித்தார். செப்டம்பர் 14-ஆம் தேதி இராணுவத் தலைவர் மொபுட்டு அதிகாரத்தைப் பிடித்தார். இந்த மொபுட்டுவை இராணுவத்தில் பெரிய பதவிக்குக் கொண்டு வந்ததே லுமும்பாதான். பாம்புக்குப் பால் வார்த்த கதை ஆகிவிட்டது.

லுமும்பா வீட்டுக்குள்ளேயே அடைபட்டார். வீட்டைச் சுற்றி ஐ.நா. வீரர்கள் காவல், அதற்கு வெளியே பிடிக்கக் காத்திருக்கும் மொபுட்டுவின் வீரர்கள். அப்போது காங்கோவில் ஐ.நா.வின் பிரதிநிதி நம் இந்தியாவின் ராஜேஸ்வர் தயாள். லுமும்பாவைக் கைது செய்ய ஆணையோடு வந்தபோது, அது செல்லாது என்று அவர் மறுத்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைகளை லுமும்பா இரகசியமாக எகிப்துக்கு அனுப்பிவைத்தார். அதிபர் நாசர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்.

நவம்பர் 27 இரவு, பெருமழை. அந்த இருட்டில் லுமும்பா ஒரு காரில் ஒளிந்து தப்பினார். ஸ்டான்லிவில் போய்விட்டால் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் வழியெல்லாம் ஊர் மக்கள் கூடிவிட்டார்கள், அவரும் நின்று நின்று பேசினார். துரத்தி வந்தவர்கள் நெருங்கிவிட்டார்கள். சங்குரு ஆற்றைக் கடந்து லுமும்பா அக்கரைக்குப் போய்விட்டார். மனைவி பாலினும் சின்ன மகனும் இக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். அவர் நினைத்திருந்தால் அப்படியே போயிருக்கலாம். திரும்பி வந்தார், பிடிபட்டார்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி லாரியில் ஏற்றினார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பேசிய பேச்சின் காகிதத்தையே வாயில் திணித்தார்கள். பேச்சுதானே அவருடைய ஆயுதம்! நிருபர்கள் இதைப் படம் எடுத்தார்கள். உலகமே பார்த்தது.

படுகொலை

திஸ்வில் இராணுவ முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் எதிர்காலத்தின் மேல் வைத்த நம்பிக்கையை அதிலும் அவர் விடவில்லை.

1961 ஜனவரி 17. லுமும்பாவையும், அமைச்சர் மாரிஸ் எம்போலோவையும், மேலவைத் துணைத் தலைவர் ஜோசப் ஓக்கிட்டோவையும் விமானத்தில் ஏற்றிக் கட்டங்காவுக்கே, அதாவது அவரைக் கொல்லத் துடித்தவர்கள் கைக்கே அனுப்பினார்கள். விமானத்தில் வழியெல்லாம் அடி. அன்று இரவு ஒரு காட்டுப் பகுதியில் மூவரையும் மரத்தடியில் நிற்க வைத்துச் சுட்டார்கள். கட்டங்கா அமைச்சர்களும் பெல்ஜிய அதிகாரிகளும் பக்கத்தில் நின்றார்கள். சுதந்திரம் கிடைத்து 201 நாள்தான் ஆகியிருந்தது.

அதோடு விடவில்லை. புதைத்த இடம் கோயில் ஆகிவிடும் என்று பயந்தார்கள் போலும். ஒரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி உடலைத் தோண்டி எடுத்து, துண்டாக்கி, அமிலத்தில் கரைத்தார். பிப்ரவரி 13-ஆம் தேதி, லுமும்பா தப்பி ஓடியபோது கிராமத்து மக்களே கொன்றுவிட்டார்கள் என்று கட்டங்கா அரசு பொய் சொன்னது. யாரும் நம்பவில்லை. கெய்ரோவிலும் பெல்கிரேடிலும் பெல்ஜியத் தூதரகங்களை மக்கள் தாக்கினார்கள். மனைவி பாலின் லியோபோல்டுவில் தெருக்களில் துக்கக் கோலத்தில் நடந்து போய்க் கணவரின் உடலைக் கேட்டார். கொடுக்க உடல் இல்லை.

மெதுவாக வந்த உண்மை

உண்மையை எத்தனை நாளுக்கு மூடி வைக்க முடியும்? 1975-ல் அமெரிக்க செனட் குழு விசாரித்தபோது, அமெரிக்க உளவுத்துறை லுமும்பாவைக் கொல்ல 1960-ல் காங்கோவுக்கு விஷம் அனுப்பியது வெளியே வந்தது. அந்த விஷம் பயன்படவில்லை. பெல்ஜிய நாடாளுமன்றக் குழு விசாரித்து, 2001-ல் பெல்ஜியத்துக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்றது. 2002-ல் பெல்ஜிய அரசு மன்னிப்புக் கேட்டது.

உடலைக் கரைத்த அதிகாரி லுமும்பாவின் பல்லை மட்டும் எடுத்து வைத்திருந்தார். வேட்டையாடியவன் புலி நகம் வைத்திருப்பது போல! 2016-ல் பெல்ஜிய அதிகாரிகள் ஒரு பல்லைக் கைப்பற்றினார்கள். லுமும்பாவின் மகள் ஜூலியானா 2020-ல் பெல்ஜிய மன்னருக்குக் கடிதம் எழுதி, அப்பாவைத் திருப்பித் தரும்படி கேட்டார். 2022 ஜூன் 20 அன்று பிரசல்ஸில் அந்தப் பல்லைக் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். பாலின் அம்மையாருக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவர் 2014-லேயே இறந்துவிட்டார்.

ஒரே ஒரு பல். அதைச் சவப்பெட்டியில் வைத்து, தேசியக் கொடி போர்த்தி, அவர் பிறந்த ஊருக்கும், வேலை பார்த்த கிசங்கானிக்கும், கொலை நடந்த கட்டங்காவுக்கும் கொண்டு போனார்கள். மக்கள் வழியெல்லாம் கூடி அழுதார்கள். 2022 ஜூன் 30, அதாவது அவர் மன்னர் முன்னால் பேசிய அதே ஜூன் 30 அன்று, கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.

முடிவுரை

லுமும்பா ஆட்சி செய்தது மூன்று மாதம்கூட இல்லை. அணை கட்டவில்லை, ஆலை கட்டவில்லை. அப்படியானால் என்ன சாதித்தார் என்று கேட்கலாம். அவர் இறந்து இரண்டு ஆண்டில், 1963 ஜனவரியில், கட்டங்கா மறுபடியும் காங்கோவோடு சேர்ந்தது. அவரைப் பிடித்துக் கொடுத்த மொபுட்டுவே 1966-ல் அவரைத் தேசிய வீரர் என்று அறிவிக்க வேண்டி வந்தது. மக்கள் மனசில் அவ்வளவு இடம் பிடித்திருந்தார். மொபுட்டு 1997 வரை ஆண்டு நாட்டைச் சுரண்டினார். அதன் பிறகும் காங்கோவில் பல போர்கள் நடந்து இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நாம் பார்க்கும் செல்போன் பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டை உலகிலேயே அதிகம் எடுப்பது காங்கோவில்தான். அப்படியிருந்தும் அந்த மக்கள் ஏழைகளாகவே இருக்கிறார்கள். லுமும்பா கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனாலும் அவர் ஒன்று என்று சொன்ன நாடு உடையாமல் ஒன்றாகவே இருக்கிறது.

படிக்க விடாத நாட்டில் தானாகவே படித்து, பேச விடாத சபையில் எழுந்து பேசியவர் லுமும்பா. நாமும் நன்றாகப் படிப்போம். கேட்க வேண்டிய இடத்தில் பயப்படாமல் கேட்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி